ஆர்க்டிக் நட்சத்திரம்

போர்களின் வரலாற்றைப் படைத்தலைவர்களின் வரலாறாகவே காணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. படைகளுக்கு உணவும் எண்ணெயும் சுமந்த தொழிலாளர் அவ்வரலாற்றில் எங்கே நிற்கின்றனர் என்று நாம் கேட்பதில்லை. பிரித்தானிய வணிகக் கப்பல் மாலுமிகளின் கதை இக்கேள்வியை எழுப்புகின்றது.

இம்மாலுமிகள் படைவீரரல்லர், கூலிக்குழைத்தோர். இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்திற் கப்பல் மூழ்கிய நாளோடு அவர்களது சம்பளமும் நின்றது. 1941 மே மாத உத்தரவின் பின்னரே இவ்வழக்கம் மாறியது.

1941 யூனில் ஹிட்லரின் படைகள் சோவியத் நாட்டினுட் புகுந்தன. ஓகஸ்டில் ஐஸ்லாந்திலிருந்து முதலாவது கப்பல் அணி ஆர்க்கேஞ்சல் துறைக்குப் புறப்பட்டது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 40 இலட்சம் தொன் பொருள்கள் இவ்வழியே சென்றன. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். மாரியில் தளத்தில் உறையும் பனியை வெட்டி எறியாவிடிற் கப்பலே கவிழும். கோடையில் மறையாத சூரியன் பகைவரின் விமானங்களுக்கு வழிகாட்டும். 1942 யூலை 4ஆம் திகதி, ஜேர்மன் போர்க்கப்பல் வருமென அஞ்சிய கடற்படைத் தலைமை, ஓர் அணியைச் சிதறிச் செல்லுமாறு பணித்தது. அஞ்சிய கப்பல் அவ்வணியைத் தாக்கவில்லை. காவலிழந்த வணிகக் கப்பல்களில் 20க்கு மேற்பட்டவை விமானங்களுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் இரையாயின.

1945இல் இவர்களுக்கெனத் தனிப்பதக்கம் வழங்கப்படவில்லை. அத்திலாந்திக் நட்சத்திரமே போதுமென்றது அரசு. அதற்கு ஆறுமாதக் கடற்சேவை பொதுவிதி. ஆயின், ஆர்க்டிக் பயணத்தின் ஆபத்தை மாதக் கணக்கால் அளத்தல் பொருந்துமா? போர் முடிந்ததும் நேசநாடு எதிர்நாடாகக் கருதப்பட்டதையும் நாம் மறத்தற்கில்லை.

முதுமையடைந்த மாலுமிகள் பல்லாண்டுகள் வாதாடினர். 2006இல் ஒரு சின்னம் மட்டுமே கிடைத்தது. ரஷ்யா அளிக்க முன்வந்த உஷாக்கோவ் பதக்கத்தை ஏற்பதற்குக்கூட, விதிகளைக் காட்டி அரசு முதலிற் தடைவிதித்துப் பின்னரே இணங்கியது. 2012 டிசம்பரில் ஆர்க்டிக் நட்சத்திரம் அறிவிக்கப்பட்டு, 2013 மார்ச்சில் முதன்முறையாக வழங்கப்பட்டது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே எத்துணைச் சிறிது காலம் சேவை செய்திருப்பினும் அதனைப் பெறலாம். அதன் பட்டியிலுள்ள சிவப்பு நிறம் வணிகக் கப்பற்படையைக் குறிப்பது.

போர் முடிந்து 67 ஆண்டுகளின் பின் வந்த இந்நட்சத்திரத்தைப் பெறுவதற்கு மாலுமிகளிற் பெரும்பாலார் உயிரோடில்லை. இதனை அரசின் கருணையென்று கொள்ளுதல் தவறு. கேட்டுக்கொண்டே இருந்தமையாற் கிடைத்தது இது. கேட்பதற்கு எவருமின்றி மறைந்த உழைப்பாளரின் வரலாற்றையார் எழுதுவர்? அப்பொறுப்பு நம்முடையதே.