வன்தட்டுப் பிழைகளும் லினக்ஸ் பூட் ஆப்ஷன்களும் - ஒரு வரலாறு

கணினி பூட் ஆகும்போது கருப்புத் திரையில் ஓடும் வரிகள் பாதியில் நின்று, ஒரே பிழைச் செய்தி திரும்பத் திரும்ப வந்தால் எவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: வன்தட்டில் இருந்த கோப்புகள் போய்விட்டனவா? லினக்ஸ் பயன்படுத்துவோர் இந்த நேரத்தில் கெர்னலுக்கு ஒரு சிறு வரியைத் தட்டச்சு செய்து கொடுப்பார்கள். பூட் ஆப்ஷன் எனப்படும் அந்த வரிக்கும் ஒரு வரலாறு உண்டு.

1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட 0.01 பதிப்பில் இந்த வசதி இல்லை. வன்தட்டில் எத்தனை ஹெட், எத்தனை சிலிண்டர், எத்தனை செக்டர் என்பதெல்லாம் நிரலிலேயே எழுதப்பட்டிருந்தன. வேறு தட்டு வைத்திருப்பவர் அந்த வரியைத் திருத்தி, கெர்னலை மறுபடியும் கம்பைல் செய்ய வேண்டும்.

1992-ல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ என்ற பூட் லோடர் வந்தது. கெர்னல் தொடங்கும் முன்பே அதற்குத் தகவல் அனுப்ப இதில் வழி கிடைத்தது. அது பெரிதும் தேவைப்பட்ட காலம். பழைய பயாஸ்களால் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல் பார்க்க முடியாது. செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் சுமார் 528 மெகாபைட்தான். அதைவிடப் பெரிய தட்டுகள் வந்தபோது பயாஸ் ஒரு கணக்கும் தட்டு வேறொரு கணக்கும் சொல்லின. எதை நம்புவது என்று கெர்னல் குழம்பினால், 'எச்டிஏ=' என்று எழுதி மூன்று எண்களைப் பயனரே கொடுத்துவிடலாம்.

அடுத்த சிக்கல் வேகத்தால் வந்தது. பிஐஓ முறையில் ஒவ்வொரு தரவையும் பிராசஸரே தூக்கிச் சுமக்க வேண்டும்; அதிகபட்ச வேகம் நொடிக்கு சுமார் 16 மெகாபைட். டிஎம்ஏ முறையில் தரவு நேராக நினைவகத்துக்குப் போகும். அல்ட்ரா டிஎம்ஏ வந்தபின் வேகம் 33, 66, 100 என்று உயர்ந்தது. ஆனால் சில சிப்செட்களும் தட்டுகளும் இதில் தடுமாறின. ரூட் பார்ட்டிஷனே மவுண்ட் ஆகாதபோது எச்டிபார்ம் போன்ற கருவிகளை எங்கிருந்து இயக்குவது? எனவே பூட் ஆகும்போதே டிஎம்ஏவை நிறுத்த 'ஐடிஇ=நோடிஎம்ஏ' என்ற ஆப்ஷன் பயன்பட்டது. கணினி ஆமை வேகத்தில் நகரும், ஆனாலும் எழுந்துவிடும்.

இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். அல்ட்ரா டிஎம்ஏவில் கேபிள் வழியே வரும் தரவு சிஆர்சி என்ற கணக்கால் சரிபார்க்கப்படுகிறது. 'பேட்சிஆர்சி' என்று செய்தி வந்தால் பெரும்பாலும் கேபிளில்தான் கோளாறு. 33-க்கு மேற்பட்ட வேகத்துக்கு 40 கம்பி கேபிள் போதாது, 80 கம்பி வேண்டும். 'அன்கரெக்டபிள்எரர்' என்றால் தட்டின் பரப்பையே படிக்க முடியவில்லை என்று பொருள். பிஐஓ முறையில் அந்த சிஆர்சி சோதனையே கிடையாது. ஆகவே டிஎம்ஏவை நிறுத்தியதும் முதல் வகைச் செய்தி மறைந்தால், கோளாறு தீர்ந்தது என்று பொருளில்லை. சோதிப்பவர் இல்லாததால் புகார் வரவில்லை, அவ்வளவுதான்.

சாட்டா தட்டுகள் பரவியபோது ஜெஃப் கார்சிக் உருவாக்கிய லிபாட்டா பழைய ஐடிஇ டிரைவரின் இடத்தைப் பிடித்தது. 2006-ல் 2.6.18 பதிப்பில் என்சிக்யூ வசதி வந்தது. 32 கட்டளைகள் வரை வரிசையில் வைத்து, தட்டு தனக்கு வசதியான ஒழுங்கில் முடிக்கும் முறை இது. இதிலும் சில தட்டுகளின் ஃபர்ம்வேர் சொதப்பியது. அவற்றின் பெயர்ப் பட்டியல் ஒன்று கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பட்டியலில் இல்லாதவற்றுக்காக 2008-ல் 'லிபாட்டா.ஃபோர்ஸ்' ஆப்ஷன் சேர்க்கப்பட்டது. என்சிக்யூவை நிறுத்தவும், இணைப்பின் வேகத்தை 1.5 ஜிகாபிட்டாகக் குறைக்கவும் இது உதவுகிறது. பழைய ஐடிஇ டிரைவர் 2021-ல் 5.14 பதிப்பில் நீக்கப்பட்டது. அதனுடன் அதன் ஆப்ஷன்களும் போயின.

எந்த ஆப்ஷனும் பழுதான தட்டைக் குணப்படுத்தியதில்லை. அது தருவது கொஞ்சம் அவகாசம். கணினி எழுந்தவுடன் முதல் வேலை, முக்கியக் கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுப்பது. பிறகு ஸ்மார்ட் அறிக்கையைப் பார்க்கலாம். பெரும்பாலான தட்டுகளில் 199-ஆம் எண் ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்ற வேண்டும். 5-ஆம் எண் ஏறினால் தட்டையே மாற்ற வேண்டும்.