நடந்தும் எடை குறையவில்லையா?

ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர், சென்ற மாதம் ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் வந்தார். "மூணு மாசமா நடக்கிறேன் ஹஜ்ரத், ஒரு கிலோகூட இறங்கல. விட்டுடலாமான்னு இருக்கு" என்றார். அவருடைய அத்தாவுக்கு சர்க்கரை நோய். இவருக்கு எல்லைக்கோட்டில் இருக்கிறது, தொப்பையும் உண்டு.

விட்டுவிட வேண்டாம் என்றோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் இதே நிலையில் பலர் இருப்பதால் காரணத்தை இங்கே எழுதுகிறோம்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், இவரைப் போலவே எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட பிரிவில் சுமார் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவைச் சீராக்கி, தினமும் அரைமணி நேரமாவது நடக்கும்படி சொல்லப்பட்ட பிரிவில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, இவர்களுடைய எடை சொல்லும்படியாகக் குறையவில்லை என்பதுதான். தராசில் தெரியாத ஏதோ ஒன்று உடலுக்குள் நடந்திருக்கிறது.

கொழுப்பு என்றால் மிச்ச உணவைச் சேர்த்து வைக்கும் மூட்டை என்றே வெகுகாலம் கருதப்பட்டது. 1994இல் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டறியப்பட்ட பிறகு, கொழுப்புத் திசுவும் இரத்தத்தின் வழியே செய்தி அனுப்புகிறது என்பது உறுதியானது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிக் கொழுப்பு மிகும்போது அது அழற்சியைத் தூண்டும் பொருட்களை ஓயாமல் கசியவிடுகிறது. அதனால் தசைகள் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது.

தசையும் சும்மா இருப்பதில்லை. அது சுருங்கி விரியும்போது, இன்சுலின் வந்து தட்டாமலேயே சர்க்கரைக்குக் கதவு திறக்கிறது. கூடவே இன்டர்லூகின்-6 என்ற பொருளை இரத்தத்தில் விடுகிறது. பருமனான உடலில் நாள் முழுக்க உயர்ந்தே இருந்தால் தொல்லையாகக் கருதப்படுவதும் இதே பொருள்தான்! உழைக்கும் தசையிலிருந்து சிறிது நேரம் மட்டும் பாய்ந்து அடங்கும்போது அதன் வேலை வேறாகிவிடுகிறது. டென்மார்க்கில் தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். வயிற்றின் உட்கொழுப்பு குறைந்தது. இன்டர்லூகின்-6ஐத் தடுக்கும் மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கோ, அதே அளவு மிதித்தும் குறையவில்லை. இந்த முடிவு 2019இல் வெளிவந்தது.

"லைன்ல எட்டு மணி நேரம் நிக்கிறோமே, அது போதாதா?" என்றும் அந்தச் சகோதரர் கேட்டார். போதாது. ஒரே இடத்தில் நிற்பதில் கால் வலிக்கும், களைப்பும் வரும்; ஆனால் தொடையின் பெரிய தசைகள் வேகமாகச் சுருங்கி விரிவதில்லை. கம்பெனி பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து வீட்டுக்கு மூச்சு சற்று வாங்கும்படி நடப்பது வேறு கணக்கு. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கி எழுந்தபின் நடக்கலாம். வெளியே நடக்க வசதியில்லாத பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்து முறையாகச் செய்யலாம். அதுவும் தொடைத் தசைக்கு நல்ல வேலைதான். ஒருநாள் நடந்த பலன் ஓரிரு நாளில் தேய்ந்துவிடும் என்பதால், ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட அன்றாடம் அரைமணி நேரம் மேல். (ஞாயிறு நடந்துவிட்டு நேரே பிரியாணிக்குப் போவது தனிக்கதை!)

தராசை ஓரமாக வைத்துவிட்டு, தையல்காரர் டேப்பால் மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து பாருங்கள். நம் நாட்டவருக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்கள் 80க்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஏற்கெனவே இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் நடையைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை திடீரென இறங்கக்கூடும் என்பதால் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும்.