மண்சரிவும் இழப்பீடும்: ஒரு சட்டத்தின் முன்கதை

கட்டடத் தொழிலில் அஸ்திவாரத்துக்குத் தோண்டும் பள்ளத்தை 'வானம்' என்பார்கள். தலைக்கு மேலிருப்பதற்கும் காலுக்குக் கீழே தோண்டுவதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்பதைச் சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ள நண்பர்கள் விளக்கட்டும். அந்த வானம் சரிந்து உள்ளே நின்ற தொழிலாளியின் மேல் விழுந்தபின் சட்டம் அவருக்கு என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

ஒரு கன மீட்டர் ஈரமண் ஏறத்தாழ ஒன்றரை டன்னுக்கு மேல் எடை கொண்டது. மார்பளவு மூடினாலே மூச்சுவிட இயலாது. மீட்க வருகிறவர்கள் அவசரமாகத் தோண்டுவார்கள்; தோண்டத்தான் வேண்டும். ஆனால் முட்டுப் பலகை இருந்ததா, எந்தப் பக்கம் முதலில் சரிந்தது, வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்திருந்தார்களா என்பதற்கான தடயமெல்லாம் அந்தத் தோண்டலிலேயே அழிந்துபோகும். "யார் தவறு என்று நிரூபி" எனக் கேட்கும் சட்டத்தால், மற்ற விபத்துகளைக் காட்டிலும் மண்சரிவில் சிக்கியவருக்குத்தான் பயன் மிகக் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சட்டம் அதைத்தான் கேட்டது.

தொடக்கம் ஒரு கசாப்புக் கடை. 1835-இல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி என்ற பணியாளர், முதலாளி ஃபவுலரின் இறைச்சி வண்டியில் போகும்போது, அளவுக்கு மீறி ஏற்றிய பாரத்தால் வண்டி உடைந்து தொடை எலும்பு முறிந்தது. லிங்கன் நகரின் ஜூரிகள் நூறு பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். 1837-இல் மேல்நீதிமன்றத்தில் அபிங்கர் பிரபு அதை ரத்து செய்தார். இதை அனுமதித்தால், பணிப்பெண் ஈரப் படுக்கையை விரித்ததற்கும் எஜமானன் நஷ்டஈடு கொடுக்க நேரும் என்பது அவர் கவலைகளில் ஒன்று. இத்தீர்ப்பிலிருந்துதான், உடன் வேலை செய்பவரின் தவறுக்கு முதலாளி பொறுப்பல்ல என்ற 'பொது வேலை'க் கோட்பாடு வளர்ந்தது.

அமெரிக்காவில் 1842-இல் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா அதை இன்னும் உறுதியாக்கினார். தடம் மாற்றுபவரின் பிழையால் கையை இழந்த ரயில் எஞ்சின் ஓட்டுநரின் வழக்கு அது. அவருக்கு நாளொன்றுக்கு இரண்டு டாலர் கூலி. அந்தக் கூலியிலேயே ஆபத்தின் விலையும் அடங்கியிருக்கிறது என்றார் ஷா. (இவர் ஹெர்மன் மெல்வில்லின் மாமனார். மெல்வில் தம் முதல் நூலான 'டைபீ'யை இவருக்கே சமர்ப்பித்தார்.) தர்க்கம் செம்மையானதுதான். ஆனால் ஆபத்தைக் கூலியோடு பேரம் பேசி வாங்கிய கூலியாள் எங்கே இருந்தார் என்பதுதான் தெரியவில்லை.

பள்ளத்தில் நின்றவருக்கு ஆக மூன்று பூட்டுகள்: மண்ணை விளிம்பில் கொட்டியது சக கூலி, ஆபத்தை அறிந்தே இறங்கினாய், நீயும் கவனமாக இல்லை. மூன்றில் ஒன்று போதும், வழக்கு தோற்க.

1884-இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி விபத்துக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது கேள்வியே மாறியது. 1897-இல், ஜோசஃப் சேம்பர்லினின் முனைப்பால், பிரிட்டனும் அவ்வழியில் வந்தது. யார் தவறு என்பது போய், வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்ததா என்பது மட்டுமே கேள்வியாயிற்று. ஆனால் அந்தச் சட்டம் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தவில்லை. கட்டடமென்றால் முப்பது அடி உயரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். சாக்கடை, கால்வாய் வேலைகள் பொறியியல் பணி என்ற பெயரில் உள்ளே வந்தன. சிறு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியவர் வெளியே நின்றார். சாரத்திலிருந்து விழுபவரை அண்ணாந்து பார்த்த சட்டம், குனிந்து பார்க்க 1906 வரை எடுத்துக்கொண்டது.

இந்தியாவுக்கு இது 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமாக வந்து, 1924 ஜூலை முதல் நடப்புக்கு வந்தது. இங்கும் ஓர் அளவுகோல் கூடவே வந்தது. குழாய், சாக்கடைப் பணிகள் தனி இனமாக அட்டவணையில் இருந்தன. மற்றபடி வெறும் தோண்டல் வேலை என்றால், நெடுங்காலம் அந்த அட்டவணை கேட்டது: வெடி வைத்தார்களா, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருந்தார்களா, அல்லது ஆழம் பன்னிரண்டு அடியைத் தாண்டியதா? ஆனால் இந்தியத் தரக் குறியீடு 1.5 மீட்டரைத் தாண்டினாலே, அதாவது ஐந்தடியிலேயே, பள்ளத்துக்கு முட்டுக்கொடுக்கச் சொல்கிறது. பொறியாளருக்கு ஐந்தடியில் தெரிந்த ஆபத்து சட்டம் எழுதியவருக்குப் பன்னிரண்டடியில்தான் தெரிந்தது.

இக்குறையைச் சொன்ன பிறகு அச்சட்டத்தின் வலுவான இடங்களையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரரின் கீழ் மேஸ்திரி, மேஸ்திரியின் கீழ் கூலி என்ற சங்கிலியில், பணியைத் தன் தொழிலாக நடத்தும் முதன்மை உரிமையாளரிடமே இழப்பீடு கேட்கலாம். கொடுத்தவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று முன்கூட்டி எழுதி வாங்கிய தாள் செல்லாது. இறந்தவர் வீட்டில் நேரே கொடுத்த தொகை, சிறு முன்பணம் நீங்கலாக, இழப்பீடாகாது. ஆணையரிடம் செலுத்தியாக வேண்டும். சாவு வீட்டில் ஒரு கட்டு நோட்டைக் காட்டிக் கைநாட்டு வாங்கும் வழக்கத்தை அறிந்த யாரோ எழுதிய விதி இது. கோர இரண்டாண்டு அவகாசம் உண்டு.

தொகை கணக்கால் வருவது. முப்பது வயதில் மாதம் 15,000 ரூபாய் ஊதியம் என்று கொண்டால், இறப்புக்கு அதில் பாதியை 207.98 என்ற காரணியால் பெருக்க வேண்டும்: 15,59,850 ரூபாய். முழு நிரந்தர ஊனத்துக்குப் பாதிக்குப் பதில் அறுபது விழுக்காடு. வலிக்கும் வேதனைக்கும் இதில் இடமில்லை. அதைக் கேட்க உரிமையியல் நீதிமன்றம் போகலாம். அங்கே மறுபடியும் தவறை நிரூபிக்க வேண்டும், அதோடு இரண்டு கதவையும் சேர்த்துத் தட்ட முடியாது. தடயம் மண்ணோடு போன வழக்கில் வழக்கறிஞர்கள் எதைத் தேர்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அலட்சியத்தால் மரணம் என்ற குற்ற வழக்கு இவற்றுக்கு வெளியே தனியாக நடக்கும். 2009 திருத்தத்தில் 'ஊழியர் இழப்பீடு' என்று பெயர் மாறிய இச்சட்டம், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ஓர் அத்தியாயமாகிவிட்டது. தவறை நிரூபிக்கத் தேவையில்லை என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது.

இந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்த தீர்ப்பு ஒன்று உண்டு. 1968-இல் ஒடிசாவில் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடக்கையை இழந்தார். அட்டவணைப்படி ஒரு கை போனால் அது பகுதி ஊனம்தான் என்று வாதாடினார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்றது 1975-இல் உச்ச நீதிமன்றம். ஆணையர் தொகையை நிர்ணயித்த நாளில் அல்ல, உடலில் காயம் பட்ட அந்தக் கணத்திலேயே இழப்பீடு கொடுக்கவேண்டிய கடனாகிவிடுகிறது என்றும் சொன்னது.