ஓர் எந்திரத்தில் இரண்டு உலோகங்கள்

வார்ப்பிரும்புத் தோசைக்கல் கைதவறிக் கருங்கல் தரையில் விழுந்தால் இரண்டாகப் பிளந்துவிடக்கூடும். அலுமினியப் பாத்திரம் விழுந்தாலோ நசுங்குமேயன்றி உடைவது அரிது. இதனைக் கொண்டு அலுமினியமே உயர்ந்தது என்று தீர்ப்புக் கூறிவிட வேண்டாம். இவ்விரண்டும் ஒரே எந்திரத்தில் அடுத்தடுத்து அமர்ந்து பணியாற்றிய வரலாறு ஒன்று உண்டு. 1903-ஆம் ஆண்டில் ரைட் சகோதரர்களின் விமானத்தை இயக்கிய எந்திரத்தையே குறிப்பிடுகின்றேன்.

அமெரிக்காவில் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய அச்சகோதரர்கள், இலேசான எந்திரம் வேண்டி மோட்டார் உற்பத்தியாளர் பலருக்கு எழுதிப் பார்த்தனர், ஏற்றது கிடைக்கவில்லை. ஆகவே தம் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லரைக் கொண்டு தாமே செய்துகொண்டனர். சிலிண்டர்கள் நான்கு, திறன் ஏறத்தாழ 12 குதிரைத் திறன், எடை சுமார் 80 கிலோகிராம்.

எந்திரத்தில் மிகப் பெரிய உறுப்பு, சுழல்தண்டைத் தாங்கும் உடற்கூடு. அதனை அலுமினியக் கலவையில் வார்த்தனர். ஒரு கன சென்டிமீட்டர் வார்ப்பிரும்பின் எடை சுமார் 7.2 கிராம், அலுமினியத்தின் எடை 2.7 கிராமே. இருபது ஆண்டுகளுக்கு முன்னராயின் இது கனவிலும் நடவாது. 1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் ஒரு சிறு அலுமினியக் கூம்பைப் பெருமையுடன் பொருத்தினர் என்றால், அவ்வுலோகத்தின் அருமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 1886-இல் ஹால், எரூ என்னும் இருவரும் தனித்தனியே மின்சார முறையைக் கண்ட பின்னரே அது மலிந்தது. தூய அலுமினியம் மென்மையானது. ஆதலின் நூற்றுக்கு எட்டுப் பங்கு செம்பு சேர்த்தனர்.

ஆனால் சிலிண்டர்களையும் அவற்றினுள் ஓடும் பிஸ்டன்களையும் வார்ப்பிரும்பிலேயே செய்தனர். அங்கே நெருப்பும் ஓயாத உராய்வும் உண்டு. அலுமினியம் 660 பாகை சென்டிகிரேடில் உருகிவிடும். அதற்கு வெகு முன்னரே வலிமை குன்றும். வார்ப்பிரும்போ 1,150 பாகையளவும் உருகாது. அன்றியும், சாம்பல்நிற வார்ப்பிரும்பில் பென்சிலில் உள்ள அதே கிராபைட், மெல்லிய செதில்களாகப் படிந்திருக்கிறது. அது மசகுபோல் உதவி, தேய்மானத்தைக் குறைக்கிறது. தோசைக்கல்லைப் பிளக்கச் செய்வதும் அச்செதில்களே. விரிசல் அவற்றின் வழியே ஓடுகிறது. குணமும் குற்றமும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன!

என் பாத்திர உவமை இனி உதவாது. பாத்திரம் தகட்டிலிருந்து அமைப்பது. வார்த்த கலவையின் இயல்பு வேறு. 1903 பிப்ரவரியில் சோதனையின்போது பெட்ரோல் சொட்டி, ஒரு பேரிங் இறுகிக்கொள்ளவே, அந்த அலுமினியக் கூடு உடைந்தே போயிற்று! வேறொன்று வார்த்து வர ஏப்ரலாயிற்று. டிசம்பர் 17-ஆம் நாள் அவ்வெந்திரம் விமானத்தை முதன்முறை 12 விநாடி சுமந்து சென்றது.

1906-இல் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரட் வில்ம், செம்பு கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து அப்படியே விட்டால் நாளடைவில் தானே கடினமாவதைக் கண்டார். பின்னாளில் விமானங்களுக்கு உடல் தந்தது இக்கண்டுபிடிப்பே. 1994-இல் ஆராய்ச்சியாளர் இருவர், ரைட் சகோதரர்களின் எந்திரக் கூட்டிலிருந்து எடுத்த சிறு துணுக்கை எலெக்ட்ரான் நுண்நோக்கியில் ஆராய்ந்தனர். கடினம் தரும் அதே செம்புத் திரள்கள் அதிலும் இருந்தன. பெரியவை வார்ப்புச்சாலையின் வெப்பத்திலேயே தோன்றியவை; வார்த்தவரும் அதனை அறிந்திலர். மிகச் சிறியவை, அதன்பின் கழிந்த 90 ஆண்டுகளில் மெல்ல மெல்ல விளைந்தவை.