கல்கத்தாவின் கழிவுநீரும் பச்சைப் பாசியும்

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் மாளிகைகளையும் ஆலயங்களையும் துறைமுகங்களையும் விரித்துரைப்பர். அந்நகரத்தார் பருகிய நீர் எங்கிருந்து வந்தது என்பதையும் ஓரளவு கூறுவர். ஆனால், அவர்கள் கழித்த நீர் எங்குச் சென்றது என்பதை ஆராய்வோர் மிகச் சிலரே. அந்நீர் எவ்வழியிற் சென்றாலும் இறுதியில் அடையும் இடம் பெரும்பாலும் கடலே. கடல் அகன்றது, ஆழமானது, எதை இட்டாலும் ஏற்றுக்கொள்ளும் என்னும் எண்ணம் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணம் பிழையென்பதை இன்று அறிந்திருக்கிறோம். ஒரு மாநகரின் கழிவுநீரைக் கடலைச் சேருமுன்னரே தூய்மை செய்துவரும் ஓர் எளிய உயிரினத்தின் வரலாற்றையும், அதனோடு கூடி உழைக்கும் மக்களின் வரலாற்றையும் இங்குக் காண்போம். அவ்வுயிரினம், குளத்து நீருக்குப் பச்சை நிறம் தரும் நுண்பாசி. அம்மாநகரம், 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா.

ஹூக்ளி ஆற்றின் கீழ்க்கரையில் அமைந்தது அந்நகரம். ஆயினும் அதன் நிலம் ஆற்றை நோக்கிச் சரியவில்லை. கிழக்கு நோக்கியே சரிகிறது. கிழக்கே உவர்நீர் ஏரிகள் பரந்து கிடந்தன. வங்கக் கடலின் ஓதம் வித்யாதரி என்னும் ஆற்றின் வழியே ஏறிவந்து அவ்வேரிகளை நிரப்பிற்று. கடல்நீரோடு மீன்களும் வந்தன. ஏரிக்கரை மக்கள் அவற்றைப் பிடித்து வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வில்லியம் கிளார்க் என்னும் பொறியாளர் நகருக்கு நிலத்தடிச் சாக்கடைகளை வகுத்தபோது, நிலத்தின் சரிவைப் பின்பற்றிக் கழிவுநீரைக் கிழக்கே திருப்பினார். வித்யாதரி ஆறு அதனைச் சுமந்து கடலிற் சேர்க்கும் என்பது அன்றைய நம்பிக்கை.

ஆனால், ஆறு அந்நம்பிக்கையைக் காக்க இயலாமற் போயிற்று. மேல்நீர் வரத்துக் குறைந்தது. வெட்டப்பட்ட கால்வாய்கள் அதன் இயல்பான ஓட்டத்தைக் குலைத்தன. ஓதம் கொணர்ந்த வண்டல் படுகையிற் படிந்து மேடிட்டது. 1928-ஆம் ஆண்டில் வித்யாதரி இறந்துபட்ட ஆறு என்று அரசாங்கமே அறிவித்தது. கடல்நீர் வரும் வழி அடைபட்டது. உவர்நீர் மீன்களும் அருகின. மீன் பிடித்து வாழ்ந்தோரின் பிழைப்புக்கு மீதியிருந்தது, நகரம் வேண்டாமென்று தள்ளிய கரிய நீர் ஒன்றே.

அந்நீரையே அவர்கள் பயிர்செய்யத் தொடங்கினர். 1930-ஐ ஒட்டிக் கழிவுநீரைக் குளங்களிற் பாய்ச்சி மீன் வளர்க்கும் முறை அங்குப் பெருகலாயிற்று. இறந்த ஆற்றுக்கு மாற்றாக, பி. என். டே என்னும் பொறியாளர் வகுத்த திட்டப்படி நகரத்திலிருந்து குல்டி ஆறு வரை நெடிய கால்வாய்கள் வெட்டப்பட்டன. 1940-களில் அவை பயனுக்கு வந்தபின், இடைவழியிலுள்ள குளங்களுக்குக் கழிவுநீர் தாராளமாகக் கிடைத்தது. குளங்களிற் புகாத நீரும், குளங்களிற் தெளிந்து வெளியேறும் நீரும் குல்டியிற் கலந்து சுந்தரவனத்தின் வழியே வங்கக் கடலை அடைகின்றன.

இக்குளங்களை வங்காளியர் பேரி என்பர். ஆழம் குறைவாகவும் பரப்பு மிகுதியாகவும் அமைந்தவை அவை. கதிரவன் ஒளி நீரினுள் நன்கு புகவேண்டும் என்பதே காரணம். குளிர்காலத்தில் குளத்தை வற்றச் செய்து, தரையை வெயிலிற் காயவைத்து, சேற்றைக் கிளறிவிடுகின்றனர். நம் நாட்டு ஏரிகளிற் குடிமராமத்துச் செய்த மரபை இது நினைவூட்டும். பின்னர்க் கழிவுநீரை விட்டுச் சில வாரங்கள் அசையாது நிறுத்துகின்றனர். கரிய நீர் மெல்ல மெல்லப் பச்சையாகிறது. அதன் பின்னரே மீன்குஞ்சுகளை விடுகின்றனர்.

அச்சில வாரங்களில் நிகழ்வது யாது? கழிவுநீரிலுள்ள அழுக்கைப் பாக்டீரியா எனப்படும் நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அதற்கு அவற்றுக்குப் பிராணவாயு வேண்டும். அவற்றின் செயலால் கரியமிலவாயுவும், நைட்ரஜன், பாஸ்பரஸ் கலந்த சத்துக்களும் நீரில் வெளிப்படுகின்றன. குளோரெல்லா, யூக்ளினா முதலிய நுண்பாசிகளுக்கு இவையே உணவு. பாசி அவற்றை உண்டு, கதிரவன் ஒளியின் துணையால் வளர்ந்து, பிராணவாயுவை நீரில் விடுகிறது. ஒன்று கழிப்பது மற்றொன்றுக்கு உணவாகிறது. வெயிலும் வெளிச்சமும் நோய்க்கிருமிகளிற் பெரும்பகுதியை அழித்துவிடுகின்றன. மேலைநாட்டுக் கழிவுநீர் நிலையங்களில் பொறிகளால் காற்றைச் செலுத்திச் செய்யும் வேலையை இங்கு வெயிலும் பாசியும் செலவின்றிச் செய்கின்றன.

இம்முறைக்குரிய விஞ்ஞான விளக்கத்தை அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆஸ்வால்ட், கோட்டாஸ் ஆகிய இருவரும் 1957-இல் விரிவாக வெளியிட்டனர். அவ்வாண்டுக்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முன்பே வங்காளத்து மீனவர், நூலறிவின் துணையின்றி, இம்முறையைக் கையாண்டு வந்தனர். நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே அதன் நிலையை அவர்கள் அறிவர். இரவில் ஒளியில்லாமையால் பாசி பிராணவாயுவைத் தருவதில்லை. தானும் அதனைச் செலவிடுகிறது. ஆகவே விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறுமாயின், கழிவுநீர் மிகுந்துவிட்டதென்று உணர்ந்து மடையை அடைத்துவிடுவர்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். பாசியே நீரைத் தூய்மை செய்யுமெனின், கழிவுநீரை நேரே கடலில் விட்டால் என்ன? அங்கும் பாசி உண்டன்றோ? உண்டு. ஆனால், அளவுக்கு மிஞ்சிய சத்து கடலைச் சேரும்போது பாசி கட்டின்றிப் பெருகுகிறது. பெருகிய பாசி மடிந்து அடியிற் சென்று அழுகுகிறது. அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடுகிறது. மீன்கள் மடிகின்றன. ஆகவே, பாசி செய்வது பாதி வேலையே. அழுக்கைத் தன்னுடலாக்கிக்கொண்ட பாசியை நீரிலிருந்து அகற்றுவது மறுபாதி. கல்கத்தாவின் குளங்களில் ரோகு, கட்லா முதலிய வளர்ப்பு மீன்கள் நீரில் விளைந்த உணவை உண்கின்றன. மீனை மனிதன் பிடித்துச் சந்தைக்குக் கொண்டு செல்கிறான். நகரம் கழித்த சத்து நகரத்துக்கே உணவாகத் திரும்புகிறது. வலை வீசும் கைகள் இல்லையேல் பாசியின் தொண்டு முற்றுப்பெறாது.

பாசியால் இயலாததும் உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வெளிவிடும் குரோமியம் போன்ற உலோகங்களை எவ்வுயிரும் அழிக்கமாட்டாது. அவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாறுமேயன்றி மறையா. அதனாலேயே கழிவுகள் தோன்றும் இடத்திலேயே கட்டுப்பாடு வேண்டும். நகரின் கிழக்குப் பகுதியிலிருந்த தோல் தொழிற்சாலைகளை இடம் மாற்றுமாறு 1996-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

நகரம் தன்னைத் தூய்மை செய்யும் நிலத்தை நன்றியுடன் பேணிற்றா என்றால், இல்லை என்றே கூறவேண்டும். இடநெருக்கடி மிகுந்தபோது, முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் காலத்தில், 1962-இல் உவர்நீர் ஏரிகளின் வடபகுதியை ஹூக்ளி ஆற்று மணலால் நிரப்பும் பணி தொடங்கிற்று. அவ்விடத்தில் எழுந்ததே சால்ட் லேக் எனப்படும் பிதான்நகர். வீடின்றித் தவித்த மக்களுக்கு வீடு தேவைப்பட்டது என்பது உண்மை. ஆனால், மறைந்த குளங்களைச் சார்ந்து வாழ்ந்தோரின் பிழைப்பும் அக்குளங்களோடு மறைந்தது என்பதும் உண்மையே.

எஞ்சிய குளங்களின் அருமையை உலகறியச் செய்தவர் துருவஜோதி கோஷ். மேற்கு வங்க அரசாங்கத்தில் பொறியாளராக இருந்த அவர், 1980-களில் நகரின் கழிவுநீர் செல்லும் வழியைத் தொடர்ந்து ஆராய்ந்து, மீனவரிடமே பாடம் கேட்டார். தம் வாழ்நாளின் இறுதியாகிய 2018 வரை அவர் இந்நிலத்துக்காக வாதாடினார். 1992-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்நீர்நிலைகளை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 2006-இல் மாநிலச் சட்டமன்றம் இதன் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் இயற்றிற்று. இத்தனை காப்புகள் இருந்தும், நிலத்தின் விலை ஏற ஏற, குளங்களைத் தூர்க்கும் முயற்சி முற்றிலும் ஓய்ந்தபாடில்லை. ஒரு குளம் தூர்ந்தால் அதிற் தெளியவேண்டிய நீர் தெளியாமலே குல்டியை அடையும். குல்டியின் மாசு கடலின் மாசாகும்.

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களிற் குடியேறிய நாம், சென்ற ஊரின் மொழியைக் கற்கிறோம், உணவைப் பழகுகிறோம், அவ்வூர் நமக்களிக்கும் வேலையையும் நிழலையும் ஏற்கிறோம். ஏரியும் குளமும் வெட்டி வாழ்ந்த மரபினராகிய நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. நாம் கழிக்கும் நீர் எங்குச் செல்கிறது, யார் கையால் தூய்மையாகிறது என்று வினவுவதே அது. கொல்கத்தாவில் வாழும் தமிழருக்கு அவ்வினாவின் விடை நகருக்குக் கிழக்கே பச்சை நிறத்தில் விரிந்து கிடக்கிறது. மும்பை, தில்லி, ஐதராபாத் முதலிய நகரங்களில் வாழ்வோர் தத்தம் ஊரில் அவ்விடையைத் தேடிக் காண்பார்களாக. தூய்மை செய்யும் இடம் இருப்பின் அதைக் காக்கவும், இல்லையெனின் அதை வேண்டிக் குரலெழுப்பவும் குடியேறியவருக்கும் உரிமை உண்டு, பொறுப்பும் உண்டு.