இறாலுக்கும் உரிய இரக்கம்

பங்குனிப் பெருவிழாவில் மயிலாப்பூர் மாட வீதிகளில் அறுபத்துமூவர் உலா வரும்போது, பல்லக்கில் எழுந்தருளும் நாயன்மார்களுள் நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நுளையர் குலத்தில் பிறந்த அதிபத்தரும் ஒருவர். நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவதை விரதமாகக் கொண்டு, ஒரே ஒரு மீன் கிடைத்த வறுமை நாட்களிலும் அந்த ஒன்றையும் விட்டவர் என்று அவருடைய சரித்திரத்தைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லியிருக்கிறார். அது பக்தியினால் செய்த அர்ப்பணமே அன்றி, மீனின் துன்பத்தைக் கருதிச் செய்த உபகாரம் அன்று. ஆயினும் நீரிலிருந்து எடுத்த உயிரை நீரிலேயே சேர்ப்பது மேலான செயல் என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதியதல்ல. தொட்டியிலிருந்து துள்ளித் தரையில் விழுந்து காயம்பட்ட ஒரு சிறு செர்ரி இறாலை இன்று ஒருவர் எடுத்துப் பிழைப்பிக்க முயன்றால், அதை நேற்று முளைத்த விநோதமென்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் காரியத்துக்குச் சென்னையின் தென்பகுதியிலேயே உருவான ஒரு சரித்திரம் துணை நிற்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

நீர்வாழ் பிராணிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்க்கும் வழக்கத்தைச் சென்னைப் பொதுஜனங்களுக்கு அறிமுகப்படுத்தியது, மெட்ராஸ் மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் அமைந்து 1909-ம் ஆண்டு மெரினாக் கடற்கரையில் திறக்கப்பட்ட மீன்காட்சிச்சாலை. பத்து வருஷங்களுக்குப் பிறகு அது மீன்துறையின் பொறுப்புக்கு மாறியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் மூடப்பட்டது. அங்கே போனவர்களை ஈர்த்தது ஆச்சரியமும் அறிவு வேட்கையுமே; தொட்டியில் ஒரு பிராணி நோயுற்றால் அதற்கு என்ன செய்வது என்பது பார்வையாளரின் கவலையாக இருக்கவில்லை. பிராணிகளுக்கு வைத்தியம் என்றால் அக்காலத்தில் பெரும்பாலும் மாடும் குதிரையுமே நினைவுக்கு வந்தன. 1903-ல் வேப்பேரியில் தொடங்கிய கால்நடை வைத்தியக் கல்லூரியின் முக்கிய அக்கறையும் மனிதனுக்கு உழைக்கிற பிராணிகளைப் பற்றியதாகவே இருந்தது.

உபயோகத்தை அளவுகோலாகக் கொண்ட இந்தப் பார்வையை மாற்றியதில் அடையாற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பிரம்மஞான சபையின் சூழ்நிலையில் வளர்ந்து, 1936-ல் கலாக்ஷேத்திரத்தை ஸ்தாபித்த ருக்மிணி தேவி அருண்டேலை, நாட்டியத்தால் அறிந்தவர்கள் அளவுக்குப் பிராணிகளுக்காக அவர் பட்ட பிரயாசையால் அறிந்தவர்கள் இல்லை. 1952-ல் ராஜ்யசபைக்கு நியமிக்கப்பட்ட அவர், அடுத்த ஆண்டே பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்கமே இவ்விஷயத்தில் சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு வாக்களித்ததன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அந்த வாக்கு 1960-ம் ஆண்டுச் சட்டமாக நிறைவேறியது. அதன்படி 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். தேசம் முழுமைக்குமான அந்த ஸ்தாபனத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில்தான் இருந்தது. மனிதன் நீங்கலாக உயிருள்ள ஜீவன் எதுவாயினும் அது பிராணியே என்று அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு வரையறுக்கிறது. தன் பொறுப்பில் உள்ள பிராணியின் நலத்தைப் பேணி, தேவையற்ற வேதனையைத் தடுப்பது அதை வைத்திருப்பவரின் கடமை என்று மூன்றாம் பிரிவு விதிக்கிறது. முதுகெலும்பு உண்டா, ரத்தம் சிவப்பா என்றெல்லாம் அந்த வரையறை கேட்கவில்லை. உணவுக்காகக் கொல்வதைச் சட்டம் தனியே அனுமதித்திருப்பதால், நொச்சிக்குப்பத்தில் விற்கும் இறாலைப் பற்றிய விவாதத்துக்கு இங்கே இடமில்லை. வீட்டுத் தொட்டியில் நாம் வலிய வரவழைத்துக்கொண்ட உயிரைப் பற்றியே பேசுகிறேன்.

சட்டம் உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1959-ல், தியாகராய நகரில் மழைவெள்ளம் சூழ்ந்த தெருவில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கண்ட விமானி காப்டன் சுந்தரம், காரை நிறுத்தித் தண்ணீரில் இறங்கி அவற்றைத் தூக்கி வந்தார். அவரும் அவர் மனைவி உஷாவும் வீட்டிலே தொடங்கிய அந்தத் தொண்டுதான் புளூ கிராஸ் ஆக வளர்ந்தது. யாருக்கும் சொந்தமில்லாத, யாருக்கும் பயன்படாத ஜீவனுக்கும் சிகிச்சை உரியது என்பதை இந்த ஊர் அதன் மூலம் கண்ணாரக் கண்டது.

இறாலின் சிகிச்சைக்குப் பணம் வேண்டாம். பதற்றமில்லாத கை வேண்டும். செவுள் ஈரமாக இருக்கும் வரை நீருக்கு வெளியிலும் அது சிறிது நேரம் தாங்கும். ஆகையால் அசைவற்றுக் கிடப்பதைக் கண்டு இறந்ததென்று முடிவு கட்டலாகாது. உலர்ந்த விரல்களால் பற்றாமல், நனைந்த கையாலோ ஈரமான காகிதத்தாலோ எடுத்து, அதன் சொந்தத் தொட்டி நீரை மொண்ட கிண்ணத்தில் விட்டால், மேலே ஒட்டிய தூசியும் நூலும் கழன்று போகும். குழாய்த் தண்ணீர் கூடாது, அதில் குளோரின் இருக்கும். பிறகு மற்ற மீன்கள் சீண்டாதபடி, தொட்டிக்குள்ளேயே தொங்கும் வலைப்பெட்டியில் சிறிது பாசியோடு வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். மீன்களுக்கு விற்கும் மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருப்பதால், அவற்றை ஊற்றுவது நோயாளிக்கு விஷத்தைப் புகட்டுவதாகவே முடியும். ஒடிந்த காலும் மீசையும் சட்டை உரிக்குந்தோறும் சிறிது சிறிதாக மீண்டும் வளரும். உரித்த சட்டையை எடுத்தெறியாமல் விட்டால் அதைத் தின்று சுண்ணாம்புச் சத்தை ஈடு செய்துகொள்ளும். புதுச் சட்டை இறுகும் வரை அது மறைந்து கிடப்பது நோயின் அறிகுறி அல்ல, தற்காப்பே. காலொன்று முற்றிலும் இல்லாமல் தத்தித் தத்தி மேய்ந்த இறால், சில சட்டைகள் மாறியபின் எந்தக் கால் போயிற்று என்று தேட வேண்டிய நிலைக்கு வருவதைத் தொட்டி வளர்ப்பவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு சிறிய உடலுக்கு வேதனை உண்டா என்ற கேள்வியை விஞ்ஞானிகளும் அலட்சியம் செய்யவில்லை. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்வுட்டும் அவர் தோழர்களும் 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இறாலின் ஒரு மீசையில் அமிலத்தைத் தடவியபோது அது குறிப்பாக அந்த மீசையையே நெடுநேரம் நீவித் தொட்டிச் சுவரில் தேய்த்தது. மரத்துப்போகும் மருந்தை முன்னதாகத் தடவினால் அச்செயல் குறைந்தது. இத்தகைய ஆராய்ச்சிகளையெல்லாம் பரிசீலித்து, இறால், நண்டு முதலியவற்றை உணர்வுள்ள ஜீவன்களாக இங்கிலாந்து தன் சட்டத்தில் சேர்த்தது 2022-ல். சான்றுகள் குவிவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் சட்டம் அவற்றைத் தன் வரையறைக்குள் அடக்கிவிட்டது நமக்குப் பெருமையே; அதை அறியாதிருப்பதுதான் குறை.

பெருமை பேசுவதோடு நில்லாமல், மூன்றாம் பிரிவு சொல்லும் கடமையை விபத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது. இறால் பல சமயங்களில் வெளியேறக் காரணம், நீரில் அழுக்கு மிகுவதும், சித்திரை வெயிலில் நீர் சூடேறிப் பிராணவாயு குறைவதுமே. தொட்டிக்கு ஒரு மூடி, தவறாத நீர் மாற்றம், கோடையில் நிழலான இடம் ஆகிய மூன்றையும் கொளத்தூரிலும் அடையாற்றிலும் வண்ண மீன் விற்கும் கடைக்காரர்கள் இறாலைப் பையில் கட்டிக் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுத்தால், ருக்மிணி தேவி பாராளுமன்றத்தில் வாதாடிப் பெற்ற சட்டம் அச்செழுத்தாக நிற்காமல் வீட்டு வழக்கமாக ஆகிவிடும்.