மன்னார் முத்துக்குளிப்பும் ஆராய்ச்சியின் வினாவும்: சமூகக் கொள்கை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வளர்முக நாடுகளின் சமூகக் கொள்கை பொருளியல் ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட வேண்டும் என்பதை இன்று மறுப்போர் அரிது. ஆயின், அவ்வாராய்ச்சி யாருடைய தேவையிலிருந்து எழுந்த வினாவுக்கு விடை தேடுகின்றது என்பது போதியளவு ஆராயப்படுவதில்லை. மன்னார்க் கடலோரத்தின் முத்துக்குளிப்பு வரலாறு இதனைத் தெளிவுறுத்தும் சான்றாக அமைகின்றது.

1796இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர், அவ்வாண்டிலேயே முத்துக்குளிப்பை நடத்தத் தொடங்கினர். 1796 முதல் 1798 வரை தொடர்ந்து நிகழ்ந்த குளிப்பு பெருவருவாயை ஈட்டித் தந்தது. ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அரிப்பில் கட்டுவித்த மாளிகையின் இடிபாடு அக்கால எதிர்பார்ப்பின் எச்சமாக நிற்கின்றது. எனினும் ‘பார்’ எனப்படும் கடலடித் திட்டுகளில் வளரும் சிப்பி அரசின் வரவு செலவுக் கணக்குக்குக் கட்டுப்பட்டதன்று. 1838 முதல் 1854 வரையும், மீண்டும் 1892 முதல் 1902 வரையும் இலங்கைப் பார்களில் குளிப்பு நடைபெறவில்லை.

குளிப்புக் காலத்தில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி போன்ற கரைகளில் ஓலைக் கொட்டில்களாலான நகரங்கள் தோன்றி, சில வாரங்களில் மறைந்தன. கீழக்கரை, தொண்டி, தூத்துக்குடி ஆகிய ஊர்களிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளியாளர் வந்து கூடினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவிய முறைப்படி, ‘கொட்டு’ என வழங்கிய அடைப்பினுள் சிப்பிகள் மூன்று கூறுகளாகப் பிரிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு கூறுகளை அரசு எடுத்துக்கொண்டது. எஞ்சிய ஒன்றே குளியாளருக்கு உரியது. அரசின் பங்கு மாலைதோறும் ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்பட்டது. மூச்சை அடக்கிக் கடலடிக்குச் சென்ற உழைப்புக்கும் கடலின் மீது உரிமை கொண்டாடிய அதிகாரத்துக்கும் இடையிலான உறவு இப்பங்கீட்டிலேயே வெளிப்படுகின்றது.

பத்தாண்டுக்கு மேல் நீடித்த வறட்சியே ஆராய்ச்சியை வரவழைத்தது. லிவர்பூல் பேராசிரியரான வில்லியம் ஹேர்ட்மன் 1902இல் இலங்கைக்கு வந்து பார்களை ஆராய்ந்தார். அவருக்குத் துணையாக வந்த ஜேம்ஸ் ஹோணெல் தொடர்ந்து இங்கு தங்கிப் பணியாற்றினார். 1903க்கும் 1906க்கும் இடையில் இவ்வாய்வு றோயல் சங்கத்தால் ஐந்து தொகுதிகளாக வெளியிடப்பட்டது. தென்மேற்குப் பருவக் கடலின் கொந்தளிப்புக்கு உள்ளாகும் பெரியபாரில் நெருக்கமாகத் தோன்றும் இளஞ்சிப்பிகள் நிலைப்பதில்லை என்றும், அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்ற வேண்டும் என்றும் ஹேர்ட்மன் விதந்துரைத்தார். கடல் உயிரியல் வரலாற்றில் இவ்வாய்வின் மதிப்பு குறைத்துரைக்கத்தக்கதன்று.

ஆயினும் அதன் தொடக்க வினா, ‘சிப்பி ஏன் பொய்க்கின்றது? வருவாயை எங்ஙனம் நிலைப்படுத்தலாம்?’ என்பதேயாம். குளியாளரின் கடன், முன்பணத்தின் பிணைப்பு, குளிப்பு நிகழாத ஆண்டுகளில் அவர்தம் குடும்பங்களின் வாழ்வு ஆகியன அவ்வினாவின் எல்லைக்குள் அடங்கவில்லை. 1903இல் குளிப்பு மீண்டும் தொடங்கிற்று. 1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா பெற்றது. இவ்வுச்சத்தில் நின்ற அரசு, 1906 முதல் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா வாடகைக்குப் பார்களை இலண்டன் மூலதனம் சார்ந்த ஒரு கம்பனியிடம் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின் பார்கள் மீண்டும் பொய்த்தன. 1912இல் கம்பனி கலைக்கப்படும் நிலையை எய்தியது. வருவாயை மட்டுமே நோக்கிய கொள்கை இறுதியில் வருவாயையும் காக்கவில்லை.

1906ஆம் ஆண்டுக் குளிப்பில் பணியாற்றிய இளம் சிவில் சேவையாளருள் ஒருவர் லெனாட் வுல்ஃப். 1921இல் வெளியான அவரது சிறுகதையொன்று முத்துக்குளிப்பு முகாமைக் களமாகக் கொண்டது. அரபுக் குளியாளர் ஒருவரின் சாவு அதிற் சித்திரிக்கப்படுகின்றது. ஆராய்ச்சியின் எல்லைக்கு வெளியே நின்ற மனிதன் இலக்கியத்திலேயே இடம் பெற்றான் என்பது நம் கவனத்துக்குரியது.

இதே காலப்பகுதியில், வளைகுடாவின் மறு கரையிலுள்ள சென்னை மாகாணத்தில் வேறுவகை வினாவொன்று எழுப்பப்பட்டது. விவசாயக் கடன் பற்றி ஆராய்ந்த பிரெடெரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாகத் தம் அறிக்கையை அளித்தார். ஜேர்மனியின் ராய்பைசன் முறையை ஒத்த கிராமக் கடன் சங்கங்களை அவர் வற்புறுத்தினார். இந்தியாவின் 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு இவ்வாய்வு வழிவகுத்தவற்றுள் ஒன்று. இலங்கையில் 1911இல் இத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் சென்னை மாகாண மீன்பிடித் துறையைக் கட்டியெழுப்பியவரும் நிக்கல்சனே. மன்னாரில் சிப்பியை ஆராய்ந்த ஹோணெல் அத்துறையில் அவருடன் இணைந்து, பின் அதன் தலைமையையும் ஏற்றார். நிக்கல்சனும் குடியேற்ற ஆட்சியின் அலுவலரே. அவ்வாட்சியின் நலன்களுக்கு அவரது ஆய்வு அப்பாற்பட்டதன்று. எனினும் உழைப்போனின் கடனை வினாவாக்கியமை, விடையாக வந்த கொள்கையின் உருவையே மாற்றியது.

ஆனால் வினா சரியாக அமைதல் மட்டும் போதாது. 1951-52இல் நடத்தப்பட்டு 1954இல் அறிக்கை வெளியிட்ட அனைத்திந்தியக் கிராமக் கடன் ஆய்வு, விவசாயிகள் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு 3 சதவீதமளவே என்று காட்டியது. அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் வட்டிக்காரரே கிராமத்தை ஆண்டனர். நிலவுடைமையும் கிராம அதிகாரமும் மாறாதிருக்கையில் சட்டம் மட்டும் கடன் உறவை மாற்றாது என்பதை மீளாய்வே புலப்படுத்திற்று. கொள்கை வகுக்கப்பட்டதும் ஆராய்ச்சியின் பணி முடிந்துவிடுவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வரலாறு இன்றைய மன்னாருக்கும் பொருந்துவதாகும். 1990இல் முஸ்லிம் மக்களின் வெளியேற்றம், நெடும்போர், மீள்குடியேற்றம் ஆகியவற்றினூடாக வந்த சமூகம் இது. 2017இல் இழுவை மடி மீன்பிடியைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 2020இன் இறுதியில் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளும் 103.5 மெகாவாற்று வலுவும் கொண்ட மின்நிலையம் திறந்துவைக்கப்பட்டது. காற்றாலை விரிவாக்கத்தையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்து 2025இல் மக்கள் தெருவுக்கு வந்தனர். கடலில் எத்தனை தொன் மீன் உண்டு, காற்றில் எத்தனை மெகாவாற்று உண்டு, மணலில் எவ்வளவு கனிமம் உண்டு என்பன தேவையான வினாக்களே. ஆனால் அவை ஹேர்ட்மன் காலத்து வினாவின் வழிவந்தவை. கரைவலை இழுப்போனின் பங்கு என்ன, கருவாடு காயவைக்கும் பெண்ணின் உழைப்பு எக்கணக்கில் இடம் பெறுகின்றது, மீன்படாத மாதங்களில் குடும்பம் யாரிடம் கடன்படுகின்றது, திட்டத்தின் ஆதாயம் தீவில் எவரைச் சேர்கின்றது என்பனவும் அவற்றுக்கு இணையாக ஆராயப்பட வேண்டும்.

இவ்வினாக்களைத் தலைநகரின் அலுவலகங்கள் தாமாக எழுப்பும் என எதிர்பார்த்தல் வரலாற்றுக்கு முரணானது. பல்கலைக்கழகங்களின் பொருளியல், வரலாற்று, சமூகவியல் துறைகளும் மீனவர் சங்கங்களும் கூடி அவற்றை வரையறுத்தல் வேண்டும். பெறப்படும் தரவுகள் தமிழில் எழுதப்பட்டு, கொள்கை முடிவுக்கு முன்னரே அம்மக்களின் கையில் சேர்தல் வேண்டும். குத்தகை கைச்சாத்தான பின் வெளியாகும் அறிக்கையால் அவர்களுக்குப் பயன் இல்லை.